எஸ்எஸ்எல் 4000 எமுலேஷன்களை ஒப்பிடுவது எப்படி? சேனல் ஸ்ட்ரிப்பிலிருந்து பஸ் கம்ப்ரசர் வரை

ஆண்டு இறுதித் தள்ளுபடி வந்துவிட்டால் நான்கைந்து கம்பெனிகளின் எஸ்எஸ்எல் 4000 சேனல் ஸ்ட்ரிப் பிளகின்கள் ஒரே வாரத்தில் விலை இறங்கும். எஸ்எஸ்எல் 4000 என்பது ஸ்டூடியோக்களில் பாட்டை மிக்ஸ் செய்யும் கன்சோல். அதன் ஒரு சேனலை மென்பொருளில் நகலெடுப்பதுதான் இந்த பிளகின், அப்படி நகலெடுப்பதுதான் எமுலேஷன். எல்லாவற்றிலும் அதே சிவப்பு, பச்சை, நீலக் குமிழ்கள். எல்லாமே அசல் கன்சோலின் ஒலி என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. டெமோ போட்டுக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதை வாங்குவது?

நானும் இப்படித்தான் ஒருமுறை ஒரு பாடகியின் குரலில் இரண்டு பிளகின்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் குரலுக்குக் கனம் கூடுகிறது என்று தோன்றியது, அதையே வாங்கினேன். ஒரு மாதம் கழித்து இரண்டையும் மீட்டரில் வைத்துப் பார்த்தால், வாங்கியது மற்றதைவிட 0.9 டெசிபல் சத்தமாக வேலை செய்துகொண்டிருந்தது. அளவைச் சமப்படுத்தியதும் அந்தக் கனம் காணாமல் போய்விட்டது. கூடுதல் சத்தத்தில் கேட்கும்போது பேஸும் உச்ச ஸ்தாயியும் நிறைவாகத் தெரிவது நம் காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு ஒப்பிடுவதற்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் வரும் முழு மிக்ஸைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒரு வார இறுதி போதும். எந்த பிளகின் சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்கள் காதும் உங்கள் பாட்டும் சேர்ந்து சொல்ல வேண்டிய விஷயம் அது.

எந்த அசலின் நகல்?

முதல் வேலை காது சம்பந்தப்பட்டதே அல்ல. “எஸ்எஸ்எல்” என்ற ஒரே பெயருக்குள் பல கன்சோல்கள் இருக்கின்றன. காலின் சாண்டர்ஸ் 1969-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சாலிட் ஸ்டேட் லாஜிக், 1970களின் நடுவில் 4000 பி வரிசையைக் கொண்டுவந்தது. 1979-ல் 4000 இ, 1987-ல் 4000 ஜி, 90களில் 9000 வரிசை. ஒவ்வொரு சேனலிலும் ஈக்யூவோடு (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரசரும் (உரத்த இடங்களை அடக்குவது) கேட் எனப்படும் கருவியும் (மெல்லிய ஒலியை மூடிவிடுவது) சேர்ந்தே இருந்ததுதான் 4000 வரிசையின் பெரிய வசதி. அதற்கு முன் ஒரு பொறியாளர் கம்ப்ரசர் வேண்டுமென்றால் தனிப்பெட்டியைத் தேடிப் போய்க் கேபிள் போட்டு இணைக்க வேண்டும்.

4000 இ-க்குள்ளேயே ஈக்யூ பல வகை. கீழ் பேண்டின் குமிழ் நிறத்தை வைத்துத்தான் இவற்றை அழைக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தது பழுப்புக் குமிழ். 1983-ல் ஏர் ஸ்டூடியோவின் கன்சோலுக்காக பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோடு சேர்ந்து உருவாக்கியது கறுப்புக் குமிழ், அதாவது 242. அதில் கூட்டிக் குறைக்கும் எல்லை 15 டெசிபலிலிருந்து 18-ஆக விரிந்தது, கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரும் ஆக்டேவுக்கு 18 டெசிபல் என்று செங்குத்தானது. ஜி வரிசையின் ஈக்யூ மறுபடி வேறு: அதன் ஷெல்ஃபை, அதாவது ஒரு புள்ளிக்கு அப்பால் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும் பேண்டைக் கூட்டினால், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம் விழும். குரலின் மேல்பகுதியைத் தூக்கும்போது கீழே சேறு சேராமல் இருப்பதற்கு அந்தப் பள்ளமும் ஒரு காரணம்.

ஆகவே வேவ்ஸின் இ-சேனலையும் ஜி-சேனலையும் எதிரெதிரே வைத்தால் இரண்டு கம்பெனிகளின் திறமையையோ இரண்டு நகல்களின் தரத்தையோ நீங்கள் ஒப்பிடவில்லை. இரண்டு வேறு கன்சோல்களை ஒப்பிடுகிறீர்கள். பிரெய்ன்வொர்க்ஸின் பிஎக்ஸ் கன்சோல் 4000 இ, யுனிவர்சல் ஆடியோவின் 4000 இ சேனல் ஸ்ட்ரிப் இரண்டிலும் பழுப்பு, கறுப்பு இரண்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்எல் தானே விற்கும் நேட்டிவ் சேனல் ஸ்ட்ரிப் 2-இல் இ, ஜி என்று ஈக்யூ சுவிட்ச் இருந்தாலும் அது பிற்காலத்துச் சுத்தமான 9000 வரிசையின் வழியில் வந்தது. 4000 இ-யின் தனி நிறம் வேண்டுமென்றால் அதே கம்பெனி பின்னால் தனியாக வெளியிட்ட 4கே இ-யைத்தான் போட்டியில் நிறுத்த வேண்டும்.

நீவ், ஏபிஐ போன்ற வேறு கன்சோல் கம்பெனிகளின் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. 1970-ல் வந்த நீவ் 1073-இல் மைக் ப்ரீயும் (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் பகுதி) ஈக்யூவும் மட்டும்தான், கம்ப்ரசரே கிடையாது. “நீவ் சேனல் ஸ்ட்ரிப்” என்று வரும் பிளகின் பலவற்றில் வேறொரு நீவ் கருவியின் கம்ப்ரசரை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதை எஸ்எஸ்எல்லோடு வைத்துப் பார்ப்பது ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு இந்த வழிகாட்டி முழுதும் பொருந்தாது.

சோதனைக்கான ஒலிகள்

ஐந்து ட்ராக் போதும்: அதிகம் பதப்படுத்தாத ஒரு குரல், தனி ஸ்னேர், பேஸ் கிட்டார், அகூஸ்டிக் கிட்டார் அல்லது வீணை, முழு டிரம்ஸ் குழு. ஏற்கெனவே கம்ப்ரஸ் ஆகி வந்த சாம்பிள்களைத் தவிருங்கள். அவற்றில் எந்தக் கம்ப்ரசரும் செய்ய அதிகம் மிச்சமிருக்காது.

மிருதங்கம் பதிவு செய்பவர்கள் அதையும் கட்டாயம் சேருங்கள். வலந்தலையின் கூர்மையான அடியும் தொப்பியின் நீண்ட கும்காரமும் ஒரே ட்ராக்கில் வருவதால், கம்ப்ரசரின் அட்டாக்கையும் (அடக்கத் தொடங்கும் வேகம்) ரிலீஸையும் (விடும் வேகம்) சோதிக்க இதைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்னேரில் ஒன்றுபோலக் கேட்ட இரண்டு பிளகின்கள் இதில் பிரிந்து நிற்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கூடவே உங்கள் டாவின் (ஒலிப்பதிவு மென்பொருள்) டோன் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றையும், 10 கிலோஹெர்ட்ஸ் ஒன்றையும் ரெண்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் அளவு

கன்சோல் எமுலேஷன் என்பது அளவைப் பொறுத்து குணம் மாறும் ஒன்று. பெரும்பாலான கம்பெனிகள் –18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) சிக்னலை அசல் கன்சோலின் மீட்டரில் 0 வியூ என்று எடுத்துக்கொள்கின்றன. சில வேறு எண்ணை வைத்திருக்கின்றன. கையேட்டைத் திறந்து அந்த ஒரு எண்ணை மட்டும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தொடும் அளவுக்கு உரக்கப் பதிவு செய்த குரலை அப்படியே விட்டால், ஒரு பிளகினில் லேசாகவும் இன்னொன்றில் கடுமையாகவும் சிதைவு வரும். “இது வார்ம், அது ஹார்ஷ்” என்று சொல்லும் தீர்ப்புகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு சோதனை ட்ராக்கும் சராசரியாக –18 அருகே நிற்கும்படி கிளிப் கெயினைக் குறையுங்கள். டிரம்ஸுக்கு உச்சம் –8, –6 வரை போகலாம். பிளகினின் கணக்கு –18 இல்லை என்றால் அந்த வித்தியாசத்தை அதன் இன்புட் குமிழில் ஈடுகட்டுங்கள். எல்லா பிளகினுக்கும் ஒரே கோப்புதான் போக வேண்டும்.

எல்லாம் பூஜ்யத்தில் இருக்கும்போது

ஈக்யூ, கம்ப்ரசர், கேட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பிளகினைச் சும்மா ட்ராக்கில் உட்கார வையுங்கள். இப்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, 1 கிலோஹெர்ட்ஸ் டோனை அனுப்பினால் வெளியே அதே அளவில் வருகிறதா? சில பிளகின் தொட்டதுமே அரை டெசிபல் கூட்டும். அதைக் குறித்துக்கொண்டு அவுட்புட்டில் கழித்துவிடுங்கள்.

இரண்டு, நல் டெஸ்ட். ட்ராக்கை டூப்ளிகேட் செய்து ஒன்றில் பிளகின், மற்றதில் ஒன்றுமில்லாமல் வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள். மிச்சம் கேட்பதுதான் அந்த பிளகின் “ஒன்றும் செய்யாமலே” செய்வது. அதில் ஹார்மானிக்ஸ் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் சேரும் ஒலிகள்) இருக்கலாம், இரைச்சல் இருக்கலாம், ஃபேஸ் மாற்றம் இருக்கலாம். அப்புறம் அதே பிளகினை இரண்டு பக்கமும் போட்டும் பாருங்கள். முழு அமைதி வராவிட்டால் உள்ளே தற்செயலான ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் செயற்கை இரைச்சல்தான். வேவ்ஸில் அனலாக் சுவிட்சையும், பிஎக்ஸ் கன்சோலில் இரைச்சல் குமிழையும் அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். பிஎக்ஸ் கன்சோலில் டிஎம்டி என்று ஒன்று உண்டு: 72 சேனல்களின் பாகங்களில் இருக்கும் சிறுசிறு வேறுபாட்டைத் தனித்தனியாக மாதிரி செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே சேனல் எண் இல்லையென்றால் நல் ஆகாது. அது கோளாறு அல்ல. ஒப்பிடும் வரைக்கும் எண்ணை மாற்றாமல் இருந்தால் போதும்.

மூன்று, 10 கிலோஹெர்ட்ஸ் டோன். அதன் மூன்றாவது ஹார்மானிக் 30 கிலோஹெர்ட்ஸில் விழ வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 24-க்கு மேல் இடமில்லை, அதனால் அது மடங்கி 18-இல் வந்து நிற்கும். அலையசிங் என்பது இதுதான். அனலைசரில் 18-இல் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே அதிக சாம்பிள் வேகத்தில் கணக்கிட்டு இதைக் குறைக்கும் ஓவர்சாம்ப்ளிங் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ட்ராக்கில் இது காதுக்கு எட்டாது. முப்பது ட்ராக்கில் சிம்பல்களின் மேல் ஒரு மெல்லிய மணல் தூவியதுபோல் வரும். டிடிஎம்எஃப்பின் பிளகின் டாக்டர் இந்த அளவீடுகளையெல்லாம் ஒரே திரையில் காட்டிவிடும். இல்லாவிட்டாலும் டோனும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் போதும்.

ஈக்யூ: குமிழைப் பார்க்காதீர்கள், வளைவைப் பாருங்கள்

இரண்டு பிளகினிலும் 3 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் என்று ஒரே எண்ணை வைத்துவிட்டு ஒப்பிடுவது வழக்கம். அசல் கன்சோலிலேயே குமிழைச் சுற்றி அச்சிட்ட எண்கள் தோராயமானவை; எந்தக் கன்சோலின் எந்தச் சேனலை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கம்பெனியின் எண்ணும் கொஞ்சம் நகரும். அதனால் ஒரு பிளகினில் காதுக்குப் பிடித்த இடத்தை வையுங்கள், அனலைசரில் அதன் வளைவைப் பாருங்கள், மற்ற பிளகினில் குமிழ்களை நகர்த்தி அதே வளைவைக் கொண்டுவாருங்கள். நடு பேண்டுகளில் அநேகமாக முக்கால்வாசி நேரம் கொண்டுவந்துவிடலாம்.

வளைவு ஒன்றானதும் ஒலியும் ஒன்றாகிவிட்டால், அந்த இரண்டு ஈக்யூவுக்கும் நீங்கள் தனித்தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒன்றாக்கவே முடியாத இடங்கள்தான் முக்கியம். எனக்கு அப்படித் தெரிந்தவை இரண்டு: கீழே ஹைபாஸும் லோ ஷெல்ஃபும் சேர்ந்து வேலை செய்யும் இடம், மேலே 10 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால். 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 16-ஐக் கூட்டினால், சாதாரண டிஜிட்டல் ஈக்யூவின் வளைவு எல்லைச் சுவரில் மோதி இறுகிவிடும். நல்ல எமுலேஷன் அதைத் தவிர்க்க வழி செய்திருக்கும். குரலின் காற்றுப் பகுதியில் இந்த வேறுபாடு நன்றாகவே கேட்கும்.

சேனல் கம்ப்ரசர்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். என் அனுபவத்தில் எமுலேஷன்கள் உண்மையிலேயே வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

4000 இ சேனல் கம்ப்ரசரில் குமிழ்கள் குறைவு: ரேஷியோ (எவ்வளவு அடக்குவது), த்ரெஷோல்ட் (எந்த அளவுக்கு மேல் அடக்குவது), ரிலீஸ், வேகமான அட்டாக்குக்கு ஒரு சுவிட்ச். அடக்கியதால் குறைந்த சத்தத்தைத் திரும்பக் கூட்டும் மேக்கப் கெயின் குமிழே கிடையாது, தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். த்ரெஷோல்டை இறக்க இறக்கச் சத்தம் கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஒரு பிளகின் இந்த ஈடுகட்டலை அசல்போலவே செய்யும், இன்னொன்று வேறு கணக்கில் செய்யும். ஒவ்வொரு முறை த்ரெஷோல்டைத் தொட்டபின்னும் அவுட்புட்டைச் சரிசெய்யாவிட்டால், என் குரல் ட்ராக்கில் நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

முதலில் டோன். 1 கிலோஹெர்ட்ஸ் அலையை இரண்டு நொடி –24-இல், இரண்டு நொடி –12-இல், மறுபடி –24-இல் என்று படிக்கட்டாக வெட்டி ஒட்டுங்கள். ரேஷியோ 4, ரிலீஸ் நடுவில். சத்தமான பகுதியில் 6 டெசிபல் கெயின் ரிடக்‌ஷன் (அடக்கிய அளவு) காட்டும்வரை த்ரெஷோல்டை நகர்த்துங்கள். த்ரெஷோல்ட் எண் ஒத்துப்போகிறதா என்று கவலைப்படாதீர்கள், ரிடக்‌ஷன் ஒத்துப்போனால் போதும். இப்போது ரெண்டர் செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படி ஏறும் இடத்தில் ஒரு கொம்பு நின்று, பிறகு சரிந்து சமமாகும். அந்தச் சரிவுதான் அட்டாக். படி இறங்கிய பிறகு ஒரு பள்ளம் விழுந்து மெல்ல மேலே வரும், அது ரிலீஸ். எல்லா பிளகின்களின் ரெண்டரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஒன்றில் சரிவு நேர்கோடாக, ஒன்றில் வில்போல, ஒன்றில் முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் இருக்கும். மில்லிசெகண்ட் எண்ணை நம்ப முடியாததற்கும் இதுவே காரணம்: வேலையில் எத்தனை சதவீதம் முடிந்தால் “அட்டாக் முடிந்தது” என்று எண்ணுவது என்பதில் கம்பெனிகளுக்குள் பொதுவான வரையறை கிடையாது.

படத்தைப் பார்த்தபின் ஸ்னேருக்குப் போங்கள். அடியின் முனை எவ்வளவு தப்பித்து வெளியே வருகிறது, வால் எவ்வளவு எழுகிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பிறகு குரல். ஒரு வரியின் முடிவில் பாடகர் மூச்சிழுக்கும் இடத்தில், மூச்சு எவ்வளவு சீக்கிரம் மேலே எழுகிறது என்று கேளுங்கள். ரிலீஸின் வடிவம் அங்கே ஒளிய முடியாது. பேஸ் கிட்டாரில் ரிலீஸை மிகக் குறைத்தால் கீழ் ஸ்வரங்களில் கரகரப்பு வரும். எந்த பிளகினில் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசர் ஈக்யூவுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னாலா என்பதையும் ஒருமுறை உறுதி செய்யுங்கள். இதற்கு அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் கூட்டிய ஈக்யூ முன்னால் நின்றால் கம்ப்ரசர் முழுக்க அந்த பேஸுக்கே ஆடும்.

பஸ் கம்ப்ரசர்

முழு மிக்ஸையும் ஒன்றாக அடக்க, கன்சோலின் நடுப்பகுதியில் இருந்த ஸ்டீரியோ கம்ப்ரசர் இது. சேனலில் இருப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரேஷியோ 2, 4, 10. அட்டாக் 0.1 முதல் 30 மில்லிசெகண்ட் வரை ஆறு படிகள். ரிலீஸ் 0.1, 0.3, 0.6, 1.2 நொடி, அதோடு ஆட்டோ. எமுலேஷன்களும் பெரும்பாலும் அதே படிகளை வைத்திருப்பதால் ஒப்பிடுவது சுலபம். சைட்டோமிக்கின் தி க்ளூ, வேவ்ஸின் ஜி-மாஸ்டர், எஸ்எஸ்எல்லின் சொந்த பஸ் கம்ப்ரசர் 2, இலவசமாகக் கிடைக்கும் அனலாக் அப்செஷனின் பஸ்டர்எஸ்இ எல்லாம் இந்த வகை. ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்கள் தனியாக வாங்கும் முன் அதிலிருக்கும் க்ளூ கம்ப்ரசரைப் போட்டியில் நிறுத்துங்கள். அது சைட்டோமிக்கோடு சேர்ந்து செய்ததுதான். லாஜிக்கின் கம்ப்ரசரில் வின்டேஜ் விசிஏ என்ற மாடலும் இதே குடும்பச் சாயல்தான்.

முழு மிக்ஸில் 4:1, அட்டாக் 30, ரிலீஸ் ஆட்டோ வைத்து, முள் 2 முதல் 4 டெசிபல் ஆடும்படி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆட்டோ ரிலீஸ்தான் இங்கே பரீட்சை. ஒரு தனி அடிக்குப் பிறகு அது சட்டென்று விட வேண்டும், நீண்ட உரத்த பகுதிக்குப் பிறகு மெதுவாக விட வேண்டும். பல்லவி முடிந்து வாத்தியங்கள் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு பிளகினும் எத்தனை நேரம் பிடித்துவைத்திருக்கிறது என்று கேளுங்கள். எனக்கு இதில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நிறம், சிதைவு என்று பேசப்படுவதில் அல்ல.

தொப்பியோ கிக்கோ முழு மிக்ஸையும் கீழே இழுத்தால் சைட்செயின் ஹைபாஸ் (கம்ப்ரசர் பேஸைக் கணக்கில் எடுக்காமல் இருக்கச் செய்வது) இருக்கும் பிளகினுக்கு நடைமுறையில் ஒரு மதிப்பெண் கூடுதல். பழைய கன்சோலில் அந்த வசதி இல்லை என்பதற்காக அதை ஒதுக்காதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு

இதுவரை செய்ததில் உங்களுக்கு ஒரு செல்லப்பிள்ளை உருவாகியிருக்கும். இனிமேல் பெயர் தெரியாமல் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ரெண்டர் செய்து, ஒருங்கிணைந்த லவுட்னஸ், அதாவது முழுப் பகுதியின் சராசரி சத்தம், 0.1 லஃப்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) ஒத்துப்போகும்படி வையுங்கள். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும். பிறகு ஏபிஎக்ஸ் சோதனை: ஏ எது, பி எது என்று தெரியும், எக்ஸ் இரண்டில் ஒன்று, அது எது என்று சொல்ல வேண்டும். 16 முறை செய்யுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே 12 வந்தால் உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம். 9, 10 என்றால் அந்த ஒலியில் இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான்.

ஒரே மூச்சில் 16 வேண்டாம். ஐந்தாறுக்கு ஒருமுறை எழுந்து போய்வாருங்கள். களைத்த காது எல்லாவற்றுக்கும் தலையாட்டும்.

கடைசியாக முழு மிக்ஸ்

தனி ட்ராக்கில் தோற்ற பிளகின் இங்கே ஜெயிப்பதுண்டு. கன்சோலின் குணம் ஒரு சேனலில் அல்ல, இருபது முப்பது சேனல்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்து எல்லா பிளகினையும் கழற்றிவிட்டு, இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டை மட்டும் வைத்து இரண்டு முறை முதலிலிருந்து மிக்ஸ் செய்யுங்கள். முதல் நாள் ஒன்று, ஒரு வாரம் விட்டு மற்றது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆனது, செயலி எத்தனை சதவீதத்தில் ஓடியது, எத்தனை இடத்தில் வேறு பிளகினைத் தேடிப் போனீர்கள் என்று எழுதிவையுங்கள்.

நான் செய்தபோது முதல் மிக்ஸ் நான்கு மணி நேரம் எடுத்தது, இரண்டாவது இரண்டரை. ஏபிஎக்ஸில் என்னால் பிரிக்கவே முடியாத இரண்டு பிளகின்கள் அவை. இரண்டாவதில் மீட்டர் பெரிதாக இருந்தது, அவுட்புட் ஃபேடர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, கம்ப்ரசருக்கு மிக்ஸ் குமிழ் இருந்தது. இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறேன்.